பெட்டி கட்டும்போது

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், உயர்தர வகுப்பு மாணவியர் முன்னிலையில் ஆற்றிய உரை)



நாங்கள் நால்வர். ஒரே வகுப்பில் படித்து, ஒரே விடுதியில் படுத்து எழும்பி, 1980ஆம் ஆண்டு ஒரே விமானத்தில் நைஜீரியாவுக்கு ஆசிரியைகளாகப் போனவர்கள். நால்வரில் ஒருத்திதான் இங்கே நின்று பேசுகிறாள். ஆனாலும் இந்த உரையை நால்வரும் சேர்ந்தே எழுதினோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்துகொண்டு, இரவு பகல் பாராமல் தொலைபேசியில் சண்டைபிடித்து எழுதிய உரை இது. ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

"வேலைக்காக வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது பயனுள்ளதாகச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டார். பெரிய அறிவுரை எதுவும் எங்களிடம் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது பெட்டி கட்டுவது ஒன்றுதான். அதையும் முதலில் பிழையாகக் கட்டி, பின்னர்தான் படித்தோம்.

பெட்டி கட்ட எங்களுக்கு முதன்முதலில் பழக்கியது இந்தக் கல்லூரி விடுதிதான். ஆறாம் வகுப்பில் சேரும்போது ஒரு பட்டியல் தருவார்கள். வெள்ளைச் சட்டை இத்தனை, துவாய் இரண்டு, படுக்கை விரிப்பு இரண்டு, கோப்பை ஒன்று, கரண்டி ஒன்று. ஒவ்வொரு துணியிலும் சிவப்பு நூலால் பெயரைத் தைத்திருக்க வேண்டும். விடுதிப் பொறுப்பாளர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். பட்டியலில் இல்லாதது எதுவும் வீட்டுக்குத் திரும்பிப் போகும். அம்மா ஒளித்து வைத்த பினாட்டும் எள்ளுருண்டையும் அப்படித்தான் திரும்பிப் போயின. அன்று அழுதோம். நைஜீரியாவுக்குப் பெட்டி கட்டியபோது அப்படிப் பார்த்துக் கழித்துவிட ஒருவரும் இருக்கவில்லை. அதுதான் பிழையாய்ப் போயிற்று.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நைஜீரியா எண்ணெய் வளத்தால் செழித்திருந்த காலம் அது. 1976இல் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர வளர மேல்வகுப்புகளுக்கும் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். ஒரு நைரா ஒரு அமெரிக்க டொலரைவிடப் பெறுமதியாக இருந்த காலம் என்றால் உங்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். எங்களில் ஒருத்திக்குத் தம்பியின் படிப்பு, ஒருத்திக்குத் தங்கையின் சீதனம், ஒருத்திக்கு ஈடு வைத்த வளவு, இன்னொருத்திக்கு வீட்டில் அடைபட்டுக் கிடக்க விருப்பமில்லை. இரண்டு வருட ஒப்பந்தம். ஆளுக்கு இருபது கிலோ.

அந்த இருபது கிலோவில் என்ன கொண்டுபோனோம்? நால்வர் வீட்டிலும் மூன்று மாதமாக அதே வேலை. மிளகாய் வறுத்து இடித்துத் தூள் ஆக்கினார்கள். மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், புழுக்கொடியல், பனங்கட்டி, பழப்புளி உருண்டை, கருவாடு, போத்தலில் நல்லெண்ணெய், நீத்துப்பெட்டி, இடியப்ப உரல். எங்களில் ஒருத்தியின் அம்மா அம்மிக்குழவியை மட்டுமாவது வைக்கலாமோ என்று கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். "ஆபிரிக்காவிலை பிள்ளை என்னத்தைச் சாப்பிடும்?" என்பதுதான் எல்லா அம்மாமாரின் கவலையும். ஆபிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணி, உடுப்பாக மெல்லிய பருத்திச் சேலைகளையே வைத்தோம். வீட்டு அயனையும் ஒருத்தி வைத்தாள்.

எங்கள் ஊர் கானோவுக்கு அப்பால், வடக்கே இருந்த ஒரு சிறிய பட்டினம். போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமை சந்தைக்குப் போனோம். மலை மலையாகச் செத்தல் மிளகாய் குவித்து வைத்திருந்தார்கள். நாங்கள் கொண்டுபோன தூளைவிட உறைப்பு. இன்னொரு பக்கம் புளி. ஹவுசா மொழியில் அதற்குத் "த்சாமியா" என்று பெயர். புளியமரத்தின் பிறப்பிடமே ஆபிரிக்காதான் என்பதைப் பிறகு எங்கள் தாவரவியல் ஆசிரியை, அதாவது எங்களில் ஒருத்தி, வாசித்துச் சொன்னாள். புளியின் தாய் வீட்டுக்கே நாங்கள் இரண்டு கிலோ புளி சுமந்து போயிருந்தோம்.

அது மட்டுமா? முருங்கையிலையைக் கட்டுக் கட்டாக விற்றார்கள். "ஸோகலே" என்பார்கள். அவித்து, நிலக்கடலைப் பிண்ணாக்குப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீதியோரத்தில் ஒரு கிழவி சாக்கு விரித்துப் பனங்கிழங்கு வைத்திருந்தார். அவித்த கிழங்கு. நால்வரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டோம். அங்கேயுள்ள பனை நம்முடையதுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தண்டு நடுவிலே சற்றுப் பருத்திருக்கும். பனையைக் "கிகின்யா" என்றும், கிழங்கை "முருச்சி" என்றும் சொல்வார்கள். ஒரு கட்டு வாங்கி, அந்த இடத்திலேயே தும்பு உரித்துச் சாப்பிட்டோம். நாங்கள் உரிக்கிற விதத்தைப் பார்த்த கிழவி, "இவர்களுக்கு இது தெரிந்திருக்கிறதே" என்பதுபோல் சிரித்தார். வெளிநாடு என்ற பயம் எங்களுக்கு அன்றோடு பாதி போயிற்று.

சுமந்து போனது அங்கே இருந்தது. எது அங்கே இருக்கவில்லை? டிசம்பர் மாதம் ஹர்மட்டான் காற்றுத் தொடங்கியது. சகாராப் பாலைவனத்திலிருந்து தூசியை அள்ளிக்கொண்டு வருகிற வரண்ட காற்று அது. சூரியன் சந்திரனைப்போல மங்கித் தெரியும். உதடு வெடிக்கும், குதிக்கால் பிளக்கும், இரவில் குளிர் எலும்பைத் தொடும். எங்களிடம் ஒரு கம்பளிச் சட்டை இல்லை. நால்வரும் சேலையை இரண்டாய் மடித்துப் போர்த்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம். அயனின் பிளக் நம் நாட்டு உருண்டை முள், அங்கே சுவரில் இருந்ததோ சதுர முள். இரண்டு வருடமும் அந்த அயன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒருத்திக்கு மூக்குக்கண்ணாடி உடைந்தது. கண்ணாடி இலக்கம் எழுதிய துண்டு வீட்டில். கடிதம் போய் வர ஆறு கிழமை. அதுவரை அவள் கரும்பலகையில் எழுதியதை அவளே வாசிக்க முடியாமல் கற்பித்தாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. இனி அதைச் சொல்லுகிறோம்.

எங்களில் ஒருத்தியின் பாட்டனார் மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். மலாயாப் பென்சன் வாங்கிய தலைமுறை. அவர் கப்பலில் கொண்டுவந்த பெரிய றங்குப்பெட்டி ஒன்று வலிகாமத்தில் அவர்கள் வீட்டு அறையில் இருந்தது. இரும்புப் பூண் போட்டது, நாலு பேர் சேர்ந்துதான் தூக்கலாம். புறப்படுவதற்கு முதல் நாள் "பெறுமதியானதெல்லாம் இதற்குள் இருக்கட்டும், திரும்பி வந்து எடுப்போம்" என்று நால்வரும் அதற்குள் வைத்தோம். பரிசளிப்பு விழாக்களில் வாங்கிய புத்தகங்கள், விடுதிப் படங்கள், ஓட்டோகிராப், எங்கள் காலத்துக் கல்லூரிச் சஞ்சிகைகள். இருவர் பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டு, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திய பிரதியைத்தான் கொண்டுபோனார்கள். "மூலப்பிரதியைப் பிறநாட்டுக்குக் கொண்டுபோய்த் துலைக்கக் கூடாது" என்பது அந்த வீடுகளின் தீர்மானம். யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டைவிடப் பாதுகாப்பான இடம் எது?

1981இல் மே மாதம் முடிந்து யூன் பிறக்கிற அந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். செய்தி எங்களுக்குக் கடிதத்தில்தான் வந்தது, நாட்கள் பல கழித்து. உயர்தர வகுப்பில் சனிக்கிழமைகளில் நாங்கள் இருந்து படித்த மேசைகள் அவை. நாலு பேரும் அழுதோம். ஆனாலும் எங்கள் றங்குப்பெட்டியை ஒருவரும் நினைக்கவில்லை. 1983 யூலைக்குப் பிறகு, "இப்போது வரவேண்டாம், ஒப்பந்தத்தை நீட்டுங்கோ" என்று நாலு வீட்டிலிருந்தும் எழுதினார்கள். இரண்டு வருடம் ஆறு வருடமாயிற்று. அதற்குள் நைஜீரியாவும் மாறிவிட்டது. 1984இல் ஒரு நாள் திடீரென்று பழைய நோட்டெல்லாம் செல்லாது என்று நிறம் மாற்றினார்கள். 1986இல் நைரா சரிந்தது. எங்களைப் போன்றவர்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்தோம். மூவர் வேறு நாடுகளுக்கு. ஒருத்தி மட்டும், வயதான தாய்க்காக, வீட்டுக்கு.

இலண்டனுக்கும் கனடாவுக்கும் போன இருவரும்தான் மூலப்பிரதியை வைத்துவிட்டுப் போனவர்கள். அங்கே ஆசிரியத் தொழிலுக்குப் பதியப் போனபோது முதற் கேள்வி, "மூலப்பிரதி எங்கே?" வீட்டில் இருக்கிறது. வீட்டுக்குத் தபால் ஒழுங்காக இல்லை. பாதை இல்லை. ஒருத்தி இரண்டு வருடம் கடையில் காசாளராக நின்றாள். மற்றவள் பாடசாலை உணவகத்தில் கோப்பை கழுவினாள். ஐந்து வருடம் பௌதிகம் கற்பித்த கை அது. பல்கலைக்கழகத்துக்கு எழுதி, ஆள் வைத்து அலைந்து, உறுதிப்பத்திரம் பெற்ற பின்னர்தான் அவர்கள் திரும்பவும் வகுப்பறைக்குள் போனார்கள்.

ஊருக்குத் திரும்பியவளின் கதை வேறு. 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழும்பி நடந்தது. உங்களில் பலர் அம்மா, அம்மம்மா சொல்லக் கேட்டிருப்பீர்கள். நைஜீரியாவுக்குப் பெட்டி கட்ட மூன்று மாதம் எடுத்தவளுக்கு அன்று அரை மணித்தியாலம்தான் இருந்தது. மழை. சைக்கிள் கரியரில் தாயாரின் மருந்து, ஒரு சருவப்பானை, கொஞ்சம் அரிசி. கைப்பைக்குள் எல்லோருடைய பிறப்புப் பத்திரமும் சான்றிதழ்களும் பொலித்தீனில் சுற்றி. இலண்டன்காரியும் கனடாக்காரியும் பட்ட பாடு அவளுக்குக் கடிதங்களில் தெரிந்திருந்தபடியால் அதை மட்டும் மறக்கவில்லை. றங்குப்பெட்டியிலிருந்த மற்ற இருவருடைய சான்றிதழ்களையும் எடுக்க வேண்டுமென்று அந்த வீட்டு வாசல் வரை போனாளாம். வீட்டுக்காரர் பூட்டிவிட்டுப் புறப்பட்டிருந்தார்கள். சனத்தோடு சனமாய் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது.

அடுத்த வருடம் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டுக்கு ஓடும் இல்லை, கதவு நிலையும் இல்லை. நாலு பேர் தூக்க வேண்டிய பெட்டியை யாரோ நாலு பேர் தூக்கியிருக்கிறார்கள்.

தூளும் புளியும் ஆறு மாதத்தில் முடிந்தன. அவற்றை நாங்கள் சுமந்து போனோம். உலகத்தில் எந்தச் சந்தையிலும் வாங்க முடியாததை வீட்டில் வைத்துவிட்டுப் போனோம். எங்கள் பிழை இதுதான்.

பிள்ளைகளே, உங்கள் காலம் வேறு. நீங்கள் தாதியராகவும் பராமரிப்பாளராகவும் கணினி வேலைக்கும் போகப்போகிறீர்கள். வளைகுடாவுக்கு, இங்கிலாந்துக்கு, ஜப்பானுக்கு. ஆகையால் எங்கள் பட்டியலை இக்காலத்துக்குத் தக்கபடி சொல்லுகிறோம். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பத்திரங்கள். பிறப்புப் பத்திரம், க.பொ.த. சான்றிதழ்கள், தொழிற் சான்றிதழ், திருமணமானவர் என்றால் அந்தப் பத்திரம், இவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டியவற்றைப் புறப்படுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். யாழ்ப்பாணத்திலேயே இப்போது அதற்கு அலுவலகம் உண்டு. நீங்கள் போன பிறகு அதற்காக அலையப் போவது உங்கள் வயதான தந்தைதான். மூலப்பிரதி கைப்பைக்குள், உங்கள் தோளோடு. ஒரு பிரதி வீட்டில். ஒரு ஸ்கான் பிரதி உங்கள் மின்னஞ்சலில். தொழில் ஒப்பந்தத்தின் பிரதியையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். நாங்கள் போன காலத்தில் அந்தப் பணியகமே இல்லை, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. ஏதும் நடந்தால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமலே ஐந்து வருடம் இருந்தோம்.

இரண்டாவது, மருந்து. மருத்துவரின் துண்டோடு, கடைப் பெட்டியோடு கொண்டுபோங்கள். இங்கே சாதாரணமாக வாங்கும் சில வலி மாத்திரையும் இருமல் மருந்தும் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. கண்ணாடி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சட் காய்ச்சல் உள்ள ஆபிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னர் ஊசி போட்டு அந்த மஞ்சள் அட்டையையும் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சாப்பாடு. அம்மாவின் மனதுக்காக ஒரு கிலோ தூள் கொண்டுபோங்கள். அதற்கு மேல் வேண்டாம். கசகசாவை வளைகுடாவுக்குக் கொண்டுபோகவே கூடாது. துபாயிலும் சவூதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், கறிச்சரக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. இங்கிலாந்துக்கு இறைச்சி, பால் சேர்ந்தவை கூடாது. அவுஸ்திரேலியாவுக்கு எந்த உணவானாலும் விதையானாலும் படிவத்தில் உள்ளபடி எழுதுங்கள்.

நான்காவது, உடுப்பு. நாட்டின் பெயரைக் கேட்டு உடுப்பு வைக்காதீர்கள். அந்த ஊரில் ஒரு வருடம் இருந்த ஒருவரைக் கேளுங்கள். எந்த மாதம் என்ன உடுப்பு என்று கேளுங்கள். பழைய மாணவிகள் சங்கம் இருப்பது அதற்கும்தான். இன்று எங்கள் சங்கக் கிளைகள் இருக்கிற ஊர்களில் உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை இரவல் தர ஓர் அக்கா இருப்பார்.

ஐந்தாவதுதான் முக்கியம். புறப்படுவதற்கு முன் ஒரு கிழமையை வீட்டுக்குக் கொடுங்கள். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. சுவரிலும் அலுமாரியிலும் இருக்கும் படங்களைப் படமெடுங்கள். ஒவ்வொன்றிலும் இருப்பவர் யார் என்று அம்மம்மாவைக் கேட்டுப் பெயர் எழுதுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறைக்குப் பிறகு யாருக்கும் சொந்தமில்லை. தூளின் அளவை அம்மாவின் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். எங்களில் மூவருடைய அம்மாமாரின் தூளின் அளவு அவர்களோடேயே போய்விட்டது. துணியில் பெயர் தைத்து அனுப்பிய கல்லூரி இது. எதற்கும் பெயர் எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல.

கடைசியாக ஒன்று. இந்த மலரை வாசிக்கப்போகும், எங்கெங்கோ இருக்கிற நம் பழைய மாணவிகளுக்கு.

1980இல் எங்களில் ஒருத்தியின் அம்மா நல்லெண்ணெய்ப் போத்தல் உடையாமலிருக்க அதைச் சுற்றிக் கையில் அகப்பட்ட ஒரு புத்தகத்தை வைத்துக் கட்டியிருந்தார். கானோவில் அவிழ்த்துப் பார்த்தபோது அது எங்கள் கல்லூரிச் சஞ்சிகை. போத்தல் கசிந்து பாதிப் பக்கம் எண்ணெய். "இதை ஏன் அம்மா கிழிக்கத் தந்தா" என்று அவள் கோபித்தாள். பிறகு அது அவளோடு மெல்பேணுக்கும் போயிற்று. நூற்றாண்டு மலருக்காக நூலகத்தில் தேடியபோது அந்த வருடச் சஞ்சிகை கல்லூரியில் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்வில் போனவற்றோடு அதுவும் போய்விட்டது. இப்போது கல்லூரியிலிருப்பது அந்த எண்ணெய்ப் பிரதியின் பிரதிதான். வலைப்பந்தாட்டக் குழுவின் படம், வகுப்புப் பட்டியல், தமிழ் மன்ற அறிக்கை எல்லாம் அதில் வாசிக்கலாம். வீட்டில் பத்திரமாக வைத்ததெல்லாம் போய்விட்டது. எண்ணெய்க்குச் சுற்றிப் போனது மிஞ்சியது.

உங்கள் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கட்டிலுக்குக் கீழே, பரணில், காலஞ்சென்ற மாமியின் அலுமாரியில். ஒரு சஞ்சிகை, ஒரு பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல், விடுதிக் கூட்டப் படம், கறையோடாவது இருக்கலாம். பெயர்களை எழுதி ஒரு பிரதி அனுப்புங்கள். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். எங்களுக்குத் தெரியும், ஒன்றை ஒரே இடத்தில் வைத்திருக்கக் கூடாது.

பிள்ளைகளே, போய் வாருங்கள். பெட்டியைப் பாரமில்லாமல் கட்டுங்கள். நம் நாலு பேருக்கும் கிடைத்ததுபோல, நீங்கள் போகிற ஊர்ச் சந்தையிலும் உங்களைப் பார்த்துச் சிரிக்க ஒரு கிழவி இருப்பார்.